கொடிமரம் சரி, ஆரத்தி தப்பா?

ஆகஸ்ட் 8

திருச்சியிலிருந்து ஒரு நண்பர் கேட்டது: "உங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் கொடிமரம் நட்டுக் கொடியேற்றுகிறீர்கள். தேர் இழுக்கிறீர்கள். மொட்டை போடுகிறீர்கள். கல்யாணத்தில் தாலி கட்டுகிறீர்கள். இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும். திருப்பலிப் பூசைக்குள் ஒரு பிள்ளை தட்டில் தீபம் ஏந்தி ஆரத்தி எடுத்தால் மட்டும் புறசமயம் நுழைந்துவிட்டது என்று குதிக்கிறீர்களே, என்ன நியாயம்?"

குதிக்கிறவர்களில் நானும் ஒருத்தி. அதனால் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

எங்கிருந்து வந்தது என்று மட்டும் பார்த்தால் கோயிலில் ஒரு சாமானும் மிஞ்சாது. சாம்பிராணியையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோமச் சக்கரவர்த்தியின் சிலைக்கு முன்னால் ஒரு சிட்டிகை சாம்பிராணி போட மறுத்ததற்காக ஆதிக் கிறிஸ்தவர்கள் உயிரை விட்டார்கள். திருச்சபை அதைப் பல காலம் தள்ளியே வைத்திருந்தது. கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய வேதகலாபனை ஓய்ந்து, சக்கரவர்த்திக்குத் தூபம் போடும் வழக்கமும் செத்த பிறகுதான் நம் பீடத்துக்கு அது தாராளமாக வந்தது. ஆக, பிறந்த இடத்தை வைத்து நான் எதையும் விலக்கவில்லை. இந்தச் செய்கை இன்றைக்கும் வேறொரு சந்நிதியில் உயிரோடு இருக்கிறதா, அங்கே என்ன பொருளில் நடக்கிறது, நாம் அதை எந்த இடத்தில் கொண்டுவந்து வைக்கிறோம் என்றுதான் கேட்கிறேன்.

கொடிமரம் கோயிலுக்கு வெளியே நிற்கிறது. திருவிழா வந்துவிட்டது என்று ஊருக்குச் சொல்வது அதன் வேலை. ஆரத்தியோ பீடத்துக்கு முன்னால், அப்பமும் கிண்ணமும் உயரும் நேரத்தில் வந்து நிற்கிறது. எனக்கு இந்த வித்தியாசம் பெரிது.

ஆகஸ்ட் 9

நண்பர் விடவில்லை. "பெருமாள் கோயிலிலும் கொடியேற்றம் இன்றும் நடக்கிறது. அதுவும் உயிரோடுதானே இருக்கிறது?"

இருக்கிறது. அங்கே கொடியேற்றத்தில் தேவர்களை விழாவுக்கு அழைக்கிறார்கள். இங்கே அந்த அழைப்பு இல்லை. குருவானவர் கொடியை ஆசீர்வதித்து மந்திரிக்கிறார், மாதா படம் தெரியக் கொடி மேலே போகிறது, அன்றிலிருந்து நவநாள் தொடங்குகிறது. அந்த இடத்தில் வேறு யாரையும் நோக்கி ஒரு வார்த்தையும் சொல்லப்படுவதில்லை.

மொட்டைக்கு விவிலியத்திலேயே பதில் இருக்கிறது. பவுல் ஒரு நேர்ச்சைக்காகக் கெங்கிரேயாவில் முடி வெட்டிக்கொண்டார் என்று திருத்தூதர் பணிகள் சொல்கிறது. தாலியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அதில் சங்கதி நிறைய இருக்கிறது.

ஆகஸ்ட் 15

மாதா விண்ணேற்புத் திருநாள் பூசைக்கு உறவினர் ஊருக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். "இவர் வழியாக, இவரோடு, இவரில்" என்று குருவானவர் பாட ஆரம்பித்ததும் பட்டுப்பாவாடை கட்டிய மூன்று பிள்ளைகள் பீடத்துக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஒருத்தி தட்டில் ரோஜா இதழும் சம்பங்கியும். இன்னொருத்தி கையில் பிடி வைத்த தூபக்கால். மூன்றாவது பிள்ளையின் தட்டில் ஐந்து திரி போட்ட விளக்கு, சுற்றிலும் எண்ணெய் சிந்தியிருந்தது. மூவரும் ஒரே நேரத்தில் சுற்றத் தொடங்கினார்கள். விளக்குத் தட்டு நல்ல கனம் போல. சுற்றச் சுற்ற அந்தப் பிள்ளையின் மணிக்கட்டு நடுங்கியது. முன் வரிசையில் இருந்த அம்மா "பாவாடை, பாவாடை" என்று சைகை காட்டிக்கொண்டே இருந்தார். வீடியோக்காரர் பீடத்துப் படியில் ஏறி, குருவானவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிள்ளைகளைப் படம் எடுத்தார். அப்பத்தையும் கிண்ணத்தையும் குருவானவர் உயர்த்திப் பிடித்திருந்தார். அங்கே எத்தனை கண் போயிருக்கும்?

பக்கத்தில் என் அத்தை. எழுபதைத் தாண்டியவர், இறையியல் எதுவும் படித்தவர் இல்லை. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது கேட்டார்: "ஆண்டவருக்கே திருஷ்டி கழிக்கிறாங்களா?"

கல்யாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் நிற்கும்போது மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீரைச் சுற்றித் தெருவில் ஊற்றுகிறோம், கண்ணேறு போகட்டும் என்று. இந்துக் கோயிலில் தீபாராதனை என்பது வேறு. இருட்டான கருவறையில் மூர்த்தியின் முகம் தெரியக் கற்பூரம் காட்டுகிறார்கள். அது அவர்கள் வழிபாட்டின் உச்சம். இரண்டில் எதை மனதில் வைத்துப் பார்த்தாலும் அந்த நேரத்தில் அந்தத் தட்டுக்கு அங்கே வேலை இல்லை. அத்தையின் கேள்விக்கு எந்த வழிபாட்டுக் குழு பதில் சொல்லும் என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன்.

ஆகஸ்ட் 17

"உரோமை அனுமதித்த காரியத்தை நீங்கள் எப்படித் தப்பு என்பீர்கள்?" என்று ஒரு குருமாணவர் மரியாதையாகக் கேட்டிருக்கிறார்.

அனுமதி இருக்கிறது, மறுக்கவில்லை. இந்திய ஆயர்கள் கேட்ட 12 தழுவல்களுக்கு 1969 ஏப்ரல் 25 அன்று வத்திக்கான் ஒப்புதல் தந்தது. தரையில் சம்மணமிட்டு உட்காரலாம், செருப்பைக் கழற்றலாம். முழந்தாள்படியிடுவதற்குப் பதிலாகக் கைகூப்பிக் குனியலாம். ஐந்து அங்கம் தரையில் படும் பஞ்சாங்க வணக்கம் செய்யலாம். பூசை உடைக்குப் பதில் எளிய அங்கியும் அங்கவஸ்திரமும் போதும். மெழுகுவத்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு. பீடத்தில் விரிக்கும் திருமேனித் துகிலுக்குப் பதில் தாம்பூலத் தட்டு. கடைசியாக, காணிக்கை நேரத்திலும் நற்கருணை மன்றாட்டின் முடிவிலும் பூ, தூபம், தீபம் கொண்டு ஆரத்தி எடுக்கலாம். எல்லாமே "லாம்"தான். எதை, எங்கே, எவ்வளவு என்று அந்தந்த ஆயர் முடிவு செய்ய வேண்டும். நம் பங்குகளிலோ அது திருவிழாக் கட்டாயம் ஆகிவிட்டது. வேண்டாம் என்று சொல்கிறவர்தான் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேட்டது யார் என்பது என் அடுத்த கவலை. பெங்களூரில் 1967-ல் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தைத் தொடங்கிய அமலோர்பவதாஸ் அடிகளார் பெரிய உழைப்பாளி, நம் தமிழர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னதை இந்த மண்ணில் நட வேண்டும் என்ற அவருடைய ஆசையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் கொடிமரமும் தேரும் கீழிருந்து வந்தவை. கடற்கரைக்காரரும் கரிசல்காட்டுக்காரரும் தங்கள் கையிலிருந்த விழாவைக் கொண்டுவந்து கோயில் வாசலில் வைத்தார்கள். ஆரத்தியும் அங்கவஸ்திரமும் கருத்தரங்கிலிருந்து இறங்கி வந்தன. எந்தப் பங்கிலும் ஒரு விதவைத் தாய் ஆரத்தி வேண்டும் என்று மனு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நன்மை (நற்கருணை) வாங்க முழந்தாள்படியிடும் கிராதியை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு. எங்கள் பாட்டி கேட்டார்.

இன்னொன்று. அந்தப் பன்னிரண்டில் பறைக்கு இடமில்லை. குலவைக்கு இடமில்லை. தாம்பூலத் தட்டும் அங்கவஸ்திரமும் யார் வீட்டுப் பண்பாடு? தலித் இறையியலாளர்கள் இதைப் பல வருடமாகக் கேட்கிறார்கள். அவர்கள் பழமைவாதிகள் இல்லை, பல விஷயங்களில் எனக்கு நேர் எதிர். இந்தக் கேள்வியில் அவர்கள் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

ஆகஸ்ட் 18

குளித்தலை சாந்திவனம் என்ற கிறிஸ்தவ ஆசிரமத்தைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. மொன்சானினும் லெ சோவும் 1950-ல் தொடங்கினார்கள், 1968-ல் பீட் கிரிபித்ஸ் வந்தார். மூவருடைய தவத்தையும் ஏழ்மையையும் குறைத்துப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் சிலுவைக்கு நடுவில் ஓம் எழுத்தை வைத்ததற்கு 1980-களில் முதலில் கோபப்பட்டவர்களில் இந்துக்களும் உண்டு. எங்கள் புனித எழுத்தை உங்கள் சின்னத்துக்குள் ஏன் அடைக்கிறீர்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. எதிர்வீட்டு அம்மா தன் பூசையறையில் மனதாரச் செய்வதை நான் என் கோயிலில் அலங்காரமாகச் செய்தால் அவருக்கும் அது மரியாதை இல்லை.

ஆகஸ்ட் 30

நேற்று வேளாங்கண்ணியில் கொடியேறிவிட்டது. செப்டம்பர் 8 வரைக்கும் எல்லார் வீட்டிலும் டிவி அங்கேதான்.

மதுரையிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறாள்: "அக்கா, வெளியே நின்றால் பரவாயில்லை என்கிறீர்கள். வேளாங்கண்ணியில் வெளியே என்ன நடக்கிறது? பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள், மஞ்சள் கயிறு கட்டுகிறார்கள், பூட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போகிறார்கள். இது மாதா பக்தியா?"

இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுதத் தோன்றவில்லை. வாசலுக்கு வெளியே இருப்பதால் மட்டும் ஒன்று குற்றமில்லாததாகிவிடாது. பிள்ளையில்லாத பெண் தொட்டில் கட்டும்போது அவள் கண்ணீரை நான் பார்த்திருக்கிறேன். அவளை அதட்ட எனக்கு மனம் வராது. ஆனால் கயிறு கட்டினால்தான் காரியம் நடக்கும், அவிழ்ந்தால் நடக்காது என்று அவள் நம்பினால், அங்கே மாதாவிடம் கேட்பது போய்க் கயிற்றை நம்புவது வந்துவிடுகிறது.

பாலைநிலத்தில் மோசே செய்த வெண்கலப் பாம்பு கடவுளே செய்யச் சொன்னது. பாம்பு கடித்தவர்கள் அதைப் பார்த்துப் பிழைத்தார்கள். பல தலைமுறைக்குப் பிறகு மக்கள் அதற்கே தூபம் காட்டத் தொடங்கினார்கள். எசேக்கியா அரசர் அதை உடைத்துப் போட்டார் என்று அரசர்கள் இரண்டாம் நூல் சொல்கிறது. புறசமயத்திலிருந்து ஒரு துரும்பும் வராமலேயே, கடவுள் கொடுத்த பொருளே விக்கிரகம் ஆகலாம் என்பதை இந்த ஒரு வசனம் காட்டுகிறது. ஆகையால், தங்கச்சி, உன் கேள்வியை என் அளவுகோலோடு சேர்த்துக்கொண்டேன். உள்ளே, வெளியே என்பதோடு, கை எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 14

என் தம்பி பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறான். இங்கே எழுதுவதை எல்லாம் படித்துவிட்டுப் போன் செய்தான். "அக்கா, சுருபம், மெழுகுவத்தி, கிறிஸ்மஸ் மரம், டிசம்பர் 25, எல்லாமே புறஜாதியார் வழக்கம். நீங்க ஆரத்தியை மட்டும் பிடிச்சிட்டு நிக்கிறீங்க."

டிசம்பர் 25 சூரியத் திருவிழாவிலிருந்து எடுத்தது என்று அவன் போதகர் சொல்வது அவ்வளவு உறுதியான விஷயம் இல்லை. அந்தத் தேதியில் வெல்ல முடியாத சூரியனுக்கு விழா நடந்தது என்பதற்கும், அதே தேதியில் கிறிஸ்து பிறப்பு கொண்டாடப்பட்டது என்பதற்கும் நமக்குக் கிடைக்கும் பழைய சான்று ஒரே ஆவணம்தான், 354-ஆம் ஆண்டு உரோமைப் பஞ்சாங்கம். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. மார்ச் 25-ல் கருவுற்றார் என்று வைத்து ஒன்பது மாதம் எண்ணியவர்களும் உண்டு.

தம்பியின் சபைக்கு ஒருமுறை போனேன். மேடை முழுக்கப் புகை, நீலமும் ஊதாவுமாக விளக்குகள், பின்னால் பெரிய எல்ஈடி திரை. டிரம்ஸ் சத்தத்தில் நெஞ்சு அதிர்ந்தது. பாட்டு முடிந்ததும் மக்கள் கைதட்டினார்கள். தட்டியது ஆண்டவருக்கா, பாடியவருக்கா என்று எனக்குப் பிடிபடவில்லை. அன்று நினைவுக்கு வந்தது ஆகாசு அரசனின் கதை. தமஸ்குக்கு அசீரிய மன்னனைப் பார்க்கப் போன இடத்தில் ஒரு பலிபீடத்தைப் பார்த்து மயங்கி, அதன் அளவையும் வடிவத்தையும் எருசலேமுக்கு அனுப்பினான். அவன் திரும்பி வருவதற்குள் உரியா குரு அதே மாதிரி கட்டி முடித்துவிட்டார். ஆண்டவரின் வெண்கலப் பீடம் ஓரமாகத் தள்ளப்பட்டது. யார் வலியவனோ அவனுடைய மேடையைக் கொண்டுவரும் ஆசை அது. இந்தக் காலத்தில் வலியவர் மேடை இசை நிகழ்ச்சிதான்.

தம்பியிடமும் இதைச் சொன்னேன். கோபப்படவில்லை, "புகை எனக்கும் பிடிக்கலக்கா" என்றான்.

அக்டோபர் 4

2019-ல் இதே நாளில்தான் வத்திக்கான் தோட்டத்தில் ஆயர்களின் அமேசான் மாமன்றத்துக்கு முன் அந்த நிகழ்ச்சி நடந்தது. கர்ப்பிணிப் பெண்ணின் மரச் சிலைகளைச் சுற்றி வட்டமாக மண்டியிட்டுத் தலை தரையில் படக் குனிந்தார்கள். அந்தச் சிலைகள் பிறகு வத்திக்கான் பக்கத்தில் உள்ள ஒரு கோயிலில் வைக்கப்பட்டன. அக்டோபர் 21 விடியற்காலையில் ஒரு ஆஸ்திரிய இளைஞர் அவற்றை எடுத்துப் போய்த் திபேர் ஆற்றில் எறிந்து அதைப் படமும் எடுத்தார். 25-ஆம் தேதி திருத்தந்தை பிரான்சிஸ் மன்னிப்புக் கேட்டார்; வழிபடும் நோக்கத்தில் அவை வைக்கப்படவில்லை என்றும் சொன்னார்.

என் கருத்தைக் கேட்டவர்களுக்கு: குனிந்தது தவறு. நோக்கம் என்னவாக இருந்தாலும், ஒரு உருவத்துக்கு முன்னால் நெற்றி தரையில் பட்டால் பார்க்கிற குழந்தை அதை வழிபாடு என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஆற்றில் எறிந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. கேமராவுக்காகச் செய்த காரியத்தில் எசேக்கியாவின் பக்தி இல்லை. அமேசானிலிருந்து வந்த அந்த எளிய மக்களிடம் யாராவது முன்பே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் அவர்களைக் காட்சிப்பொருளாக்கிவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

அக்டோபர் 6

திருத்தந்தை பெரிய கிரகோரியார் 601-ல் இங்கிலாந்துக்குப் போன மிஷனரி மெல்லித்துஸுக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக் காட்டி, "உங்கள் திருத்தந்தையே கோயிலை இடிக்காதே என்றார்" என்கிறார் ஒரு நண்பர். முழுதாகப் படியுங்கள். இங்கிலாந்தில் கோயில் கட்டடத்தை விட்டுவிடு, உள்ளே இருக்கும் விக்கிரகங்களை அழி, தீர்த்தம் தெளித்துப் பீடம் வை என்கிறார். மாடு பலியிட்டுப் பழகியவர்கள் திருநாள் அன்று கோயிலைச் சுற்றிப் பந்தல் போட்டு மாட்டை அடித்து விருந்து உண்ணட்டும், கடவுளுக்கு நன்றி சொல்லட்டும் என்கிறார். மாடு பந்திக்குப் போனது, பீடத்துக்கு வரவில்லை. நம் அந்தோனியார் கோயில் அசன விருந்தும் அதே வகைதான். அதைக் குறை சொல்லி நான் ஒரு வரியும் எழுதியதில்லை.

அக்டோபர் 19

தாலிக்கு வருகிறேன். வந்தால் 1704-க்கும் போக வேண்டும்.

1606-ல் மதுரைக்கு வந்த சேசுசபைக் குரு தத்துவ போதகர் நோபிலி காவி கட்டினார். அவரிடம் திருமுழுக்குப் பெற்றவர்கள் குடுமியும் பூணூலும் வைத்துக்கொள்ள விட்டார். இது புறசமயம் என்று சக குருக்களே உரோமைக்கு எழுதினார்கள். 1623-ல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தார். அதே ஆணையில், உயர்ந்த சாதி என்று நினைப்பவர்கள் எளிய கிறிஸ்தவர்களைக் கோயிலில் இழிவாக நடத்தக் கூடாது என்றும் கெஞ்சிக் கேட்டிருக்கிறார். அனுமதியை எல்லாரும் நினைவில் வைத்துக்கொண்டார்கள், கெஞ்சலை மறந்துவிட்டார்கள்.

அப்புறம் 1703 நவம்பரில் துர்னோன் என்ற திருத்தந்தையின் தூதர் சீனா போகும் வழியில் புதுச்சேரியில் இறங்கினார். பெரும்பாலும் நோயாளியாகப் படுக்கையில் கிடந்தவர்; உள்நாட்டுப் பங்கு ஒன்றையும் நேரில் பார்க்கவில்லை. 1704 ஜூனில் ஒரு ஆணை போட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, சிலுவையோ மாதாவோ உள்ள தாலி கட்டலாம். மஞ்சள் பூசிய 108 இழைக் கயிறு கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது. நெற்றியில் சாம்பல் பூசக் கூடாது. பெண் பிள்ளை பெரியவளானதற்கு விழா எடுக்கக் கூடாது. மாதவிலக்கைக் காரணம் காட்டிப் பெண்களைப் பாவசங்கீர்த்தனத்திலிருந்து (பாவ அறிக்கை) தள்ளி வைக்கக் கூடாது. கிறிஸ்தவ மேளக்காரர்கள் மற்றக் கோயில் விழாவில் வாசிக்கக் கூடாது. அப்புறம் இதையும் படியுங்கள்: நோயில் கிடக்கும் பறையரின் வீட்டுக்குள் குருக்கள் போய்த்தான் அருட்சாதனம் கொடுக்க வேண்டும், மாட்டேன் என்று சொல்லக் கூடாது.

இதில் மேளக்காரர் வயிற்றில் அடித்தது எனக்குச் சம்மதமில்லை. பார்க்காத ஊருக்குச் சட்டம் போட்டதும் சரியில்லை. ஆனாலும் பட்டியலைப் படித்தபோது என்னை உலுக்கியது ஒன்றுண்டு. துர்னோனுக்குப் பிள்ளையார் தாலியும் தீண்டாமையும் ஒரே பட்டியலில் வருகின்றன. இரண்டும் ஒரே வாசல் வழியாக உள்ளே வந்தவை என்று அவர் பார்த்தார். நாற்பது வருடம் வழக்கு இழுத்து, 1744-ல் பதினான்காம் பெனடிக்ட் இறுதி ஆணை தந்தார். தாலி விஷயம் தீர்ந்தது. பறையர் விஷயத்தில் மட்டும் சமரசம்: அவர்களுக்கென்று தனியாகச் சில குருக்கள். மிஷனரிகள் இந்த ஆணைகளுக்கு எடுக்க வேண்டியிருந்த சத்தியப்பிரமாணம் 1940-ல்தான் நீங்கியது.

தாலியைப் பொறுத்தவரை திருச்சபை அன்று செய்தது சரியான வேலை. உருவத்தை மாற்றியது, உறவின் அடையாளத்தை விட்டுவைத்தது. என் தாலியில் சிலுவை இருக்கிறது. அது எனக்கு நெருடியதே இல்லை.

அக்டோபர் 20

"அப்படியானால் மஞ்சள் நீராட்டு?" என்று மதுரைத் தங்கை.

நம் வீடுகளில் இன்று பங்குத்தந்தை பெயரையும் போட்டுப் பத்திரிகை அடிக்கிறார்கள். மறைக்கல்வி வகுப்பில் என்னிடம் படித்த பிள்ளைகள் அந்த வாரம் வர மாட்டார்கள், வந்த பிறகும் தலை குனிந்தே இருப்பார்கள். அவர்களில் ஒருத்தி, "அந்த நேரத்துல நன்மை வாங்கலாமா டீச்சர்?" என்று கேட்டாள். முந்நூறு வருடத்துக்கு முன்னால் முடிந்துபோயிருக்க வேண்டிய கேள்வி. வாங்கலாம் என்று சொன்னேன், வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். காலையில் பாட்டி, தாத்தா கல்லறைக்குப் பூ வைக்கப் போனோம். ஊரைச் சொல்ல மாட்டேன், இதே மாதிரி வேறு ஊர்களும் இருக்கின்றன.

கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர். திருநாளுக்காக எங்கள் பக்கம் வெள்ளையடித்திருந்தார்கள். அந்தப் பக்கம் சிமெண்டுப் பூச்சு அப்படியே பெயர்ந்து கிடந்தது. குருவானவர் பாடகர் குழுவோடு எங்கள் பக்கம் ஒவ்வொரு வரிசையாக நடந்து தீர்த்தம் தெளித்தார். பிறகு வெளியே போய், வேறு வாசல் வழியாக அந்தப் பக்கம் நுழைந்தார். பாடகர் குழு போகவில்லை. அங்கே பெண்கள் தாங்களாகவே புலம்பல் பாடிக்கொண்டிருந்தார்கள். தவக்காலத்தில் மாதா வியாகுலத்துக்கு நாம் பாடுவோமே, அதே ஒப்பாரி மெட்டு. மண்ணின் வழக்கம் கிறிஸ்தவமானது என்றால் எனக்கு அதுதான். அதை யாரும் கருத்தரங்கில் கற்றுக்கொடுக்கவில்லை.

ஆகஸ்டிலிருந்து இங்கே புறசமயம், புறசமயம் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு என் முன்னால் நின்றது அந்தச் சுவர். ஆரத்தித் தட்டை எதிர்த்துக் குரல் கொடுக்கும் என் போன்றவர்கள் இதைப் பார்த்துக்கொண்டு வருடா வருடம் பூ வைத்துவிட்டு வருகிறோம். பழைய மரபைக் காக்கிறோம் என்றால் 1704-ன் பட்டியலில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

நவம்பர் 5

"சாதி சமூகப் பிரச்சினை, வழிபாட்டைப் பற்றிப் பேசும்போது அதை ஏன் இழுக்கிறீர்கள்?" என்று குருமாணவர் மட்டுமல்ல, என்னோடு ஒத்துப்போகும் சிலரும் கேட்கிறார்கள்.

கொரிந்தில் வசதியுள்ளவர்கள் முதலில் உண்டு முடித்தார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். நீங்கள் உண்பது ஆண்டவரின் இராவுணவே அல்ல என்று பவுல் எழுதினார். வழிபாடு கெட்டுப்போனது அங்கே எந்த விக்கிரகத்தால்?

வடக்கன்குளத்தைப் பாருங்கள். 1872-ல் எழும்பிய கோயில். இரண்டு கால் போல இரண்டு நடுக்கூடம், வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் மறுபக்கம், நடுவில் சுவர், இரண்டும் சேரும் இடத்தில் பீடம். கட்டட வரைபடத்திலேயே சாதி. 1910-ல் சேசுசபைக் குருக்கள் சுவரை இடித்தார்கள். வெள்ளாளர் நீதிமன்றம் போனார்கள், தோற்றார்கள். ஒரே பீடத்தைப் பார்த்து முழந்தாள்படியிட்டவர்களுக்கு நடுவே நின்ற சுவரை வழிபாட்டுப் பிரச்சினை இல்லை என்று எப்படிச் சொல்வது? 2016-ல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டபோது, திருச்சபைக்குள் தீண்டாமை இன்னும் இருக்கிறது என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் தேரைக் கோயில் வாசலில் வைத்தார்கள் என்று எழுதினேன். அந்தத் தேர் எந்தெந்தத் தெருவுக்குப் போகிறது, எந்தத் தெருமுனையில் திரும்பிவிடுகிறது என்று பாருங்கள். எங்கள் பங்கில் சப்பரம் ஒரு தெருவுக்குள் இன்றுவரை போனதில்லை. கேட்டால் மின்கம்பி தாழ்வாக இருக்கிறது என்பார்கள். போகும் தெருக்களிலும் கம்பி தாழ்வாகத்தான் இருக்கிறது. இரண்டு பேர் மூங்கிலால் தூக்கிப் பிடிக்கிறார்கள்.

நவம்பர் 18

பங்குப் பேரவையில் இரண்டு மனு கொடுத்தேன். ஒன்று, நற்கருணை மன்றாட்டின் முடிவில் ஆரத்தி வேண்டாம். ஆயர் வந்தால் வரவேற்பாக வாசலில் எடுக்கட்டும். பங்குத்தந்தை சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார், தனக்கும் அந்த நேரத்தில் கவனம் சிதறுகிறது என்றார். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

இரண்டாவது, செபஸ்தியார் சப்பரம் எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. போலீஸ் அனுமதி, பழைய பாதை, மின்கம்பி, முன்னோர் வழக்கம் என்று வரிசையாக வந்தது. முன்னோர் வழக்கம் என்று சொன்னவர் ஆரத்தி மனுவில் எனக்கு ஆதரவாகப் பேசியவர். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று தள்ளி வைத்தார்கள். அடுத்த கூட்டம் டிசம்பரில், சப்பரம் சனவரி 20-ல்.

மனுவுக்குக் கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறேன். தம்பி தன் பங்குக்கு மின்வாரியத்தில் விசாரித்துக் கம்பியின் உயரத்தை எழுதி வாங்கி வந்திருக்கிறான். நேற்று அந்தத் தெருவுக்குள்ளேயே போனேன். ஒரு அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "சப்பரம் வர்றது உறுதின்னா முன்னாடியே சொல்லிருங்க டீச்சர். உப்பும் மிளகும் வாங்கி வைக்கணும், வாசல் தெளிக்கணும், மகளை ஊர்லேருந்து வரச் சொல்லணும்." கூட்டம் முடிந்ததும் என்ன முடிவு என்று எழுதுகிறேன்.